பீப்பாயை மிதிக்காத விமர்சகர்

ஓடுகிற விளையாட்டுக்கு விமர்சனம் எழுத என்னைத் தேர்ந்தெடுத்ததுதான் இதழாசிரியர் செய்த முதல் தவறு. நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சமையல் விளையாட்டு ஏதாவது அனுப்பியிருப்பார்.

அது கோயம்புத்தூரிலிருந்து நடக்கும் ஒரு சின்ன இணைய இதழ். வீடியோ கேம்களுக்கு மாதம் ஒரு விமர்சனம், நல்ல தமிழில் வேண்டும் என்றார்கள். எழுத இரண்டு பேர் கேட்டிருந்தோம், சென்னையில் ஒருவரும் விருதுநகரில் நானும். ஆளுக்கொரு விமர்சனம் எழுத வேண்டும், எது நன்றாக வருகிறதோ அவருக்கு அந்தத் தொடர். ஆசிரியர் கூரியரில் விளையாட்டுக் கார்டை அனுப்பிவிட்டு, போனில் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"முடிச்சுட்டு எழுதுங்க. பாதியில எழுதுனா வாசகருங்க கண்டுபிடிச்சிருவாங்க."

எனக்கு அந்தத் தொடர் வேண்டும். பத்தாம் வகுப்பிலிருந்து நான் எழுதியதெல்லாம் ஆய்வக அறிக்கை, விபத்துத் தடுப்பு அறிக்கை, தணிக்கை அறிக்கை. படிப்பவர் சிரிக்கும்படி ஒரு பக்கமாவது எழுதிவிட வேண்டும் என்று வெகுநாள் ஆசை.

விளையாட்டின் நாயகன் கழுத்தில் சிவப்புத் துண்டு கட்டிய ஒரு கீரி. இது பதினோராவது பாகம். முதல் பாகம் வந்தபோது நான் பிறக்கவில்லை. கல்லூரி விடுதியில் ஏழாவது பாகத்தை வரிசை போட்டு விளையாடியிருக்கிறோம். கதை எப்போதும் ஒன்றுதான்: கீரி இடமிருந்து வலமாக ஓடும், குதிக்கும், சுருண்டு உருளும், வழியில் மஞ்சள் மணிகளைப் பொறுக்கும், கடைசியில் ஒரு பெரிய இயந்திரப் பாம்பை அடிக்கும்.

நான் வேதிப் பொறியியல் படித்தவள். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பாதுகாப்பு மேற்பார்வை பார்க்கிறேன். அங்கே யாரும் ஓடக்கூடாது. பெட்டியைத் தரையில் இழுக்கக்கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். அறைக்குள் நுழையுமுன் வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் ஏறிய மின்னூட்டத்தை இறக்க வேண்டும். கையிலிருந்து எது விழுந்தாலும் பதறக்கூடாது. இதையெல்லாம் நாள் முழுக்க அடுத்தவருக்குச் சொல்லிச் சொல்லி, என் கட்டைவிரலுக்கும் அது ஊறிப்போயிருக்கிறது. அப்போது அது எனக்குத் தெரியாது.

கம்பெனி வேனில் போக வர, என் கையடக்க விளையாட்டுக் கருவியில் விளையாடினேன். கீரியை நடத்தியே கூட்டிப் போனேன். நடந்தால் நிறையத் தெரிந்தது. பின்னணியில் ஒரு பாட்டில் தொழிற்சாலை, அதன் ஜன்னலில் தலை வாரிக்கொண்டிருக்கும் ஓர் எலி. ஓடுகிறவர் யாரும் அந்த எலியைப் பார்த்திருக்க முடியாது. நோட்டில் எழுதிக்கொண்டேன்: ஓவியம் பிரமாதம், வேகம் சுமார்.

ஐந்தாவது லெவலில் ஒரு சுரங்கம். அதன் கடைசியில் செங்கல் சுவர். சுவரை ஒட்டி மூன்று பீப்பாய்கள், ஒவ்வொன்றிலும் தீச்சுடர் படம். பக்கத்திலேயே எரிகிற பந்தம். பார்த்த மாத்திரத்தில் நான்கு விதிமீறல் எனக்குத் தெரிந்தது. சரக்கு அளவுக்கு மேல் இருக்கிறது, நெருப்பு பக்கத்தில் இருக்கிறது, வாசல் ஒன்றுதான் இருக்கிறது, தரையில் ரப்பர் விரிப்பு இல்லை. கீரியை மெல்லத் திருப்பி, வந்த வழியே வெளியே கூட்டி வந்துவிட்டேன். விளையாட்டு என்னை லெவலின் தொடக்கத்தில் கொண்டுபோய் விட்டது.

மூன்று நாள் இதையே செய்தேன். சுவரில் வேறு கதவு தேடினேன். கூரையில் தேடினேன். பீப்பாய்களைத் தொடாமல் தாண்டி, சுவரை முட்டிப் பார்த்தேன். ஒருநாள் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் கூட்டத்தில் மாட்டி வேன் ஊர்ந்தது. கிடைத்த நேரத்தில் சுரங்கத்தை அங்குலம் அங்குலமாகத் துழாவினேன். வழியே இல்லை.

கம்பெனி வாசலில் போன், தீப்பெட்டி, பீடி எல்லாவற்றையும் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அவர் எங்கள் எல்லோருக்கும் அண்ணாச்சி. ஐம்பது வயதுக்கு மேல், வெள்ளை மீசை, யாரிடமும் சிரிக்காத முகம். என் கருவியும் அவருடைய மரப்பெட்டிக்குள் போகும். முதல் நாளே பெட்டிக்குள் அது இசை பாடத் தொடங்கிவிட்டது. மறுநாள் காலையில் அதை எப்படி அணைப்பது, எப்படிச் சத்தத்தைக் குறைப்பது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். அணைக்கச் சொல்லிக் கொடுத்தால் போட்டுக் காட்டாமல் முடியாது. அதை நான் யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை என் குறைப் பட்டியலில் மூன்று சேர்ந்திருந்தன. ஐந்தாவது லெவலுக்கு வெளியேறும் வழி இல்லை. அணைத்து வைத்தாலும் எட்டு மணி நேரத்தில் பாதி சார்ஜ் இறங்குகிறது. ஒலியளவு தானாகவே பூஜ்யத்துக்குப் போகிறது. மூன்றையும் எழுதி, "பதினோரு பாகம் கண்ட தொடரில் இப்படி ஓர் அலட்சியமா?" என்று ஒரு வரியும் சேர்த்து ஆசிரியருக்கு அனுப்பினேன். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்துச் சந்தோஷப்பட்டேன்.

ஆசிரியர் கூப்பிட்டார். "நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா லெவலுக்கு வழியே இல்லைங்கறது பெரிய குற்றச்சாட்டு. உறுதிதானுங்களா?"

"மூணு நாள் சோதிச்சுட்டேன். முறைப்படி."

"முறைப்படின்னா சரி. திங்கக்கிழமை போட்டுருவோம். தப்பா இருந்தா மட்டும் என்னைத் திட்டாதீங்க, தொடர் சென்னைக்குப் போயிரும்."

சனிக்கிழமை பதினோரு மணிக்கு, ஒரு லோடு வண்டியின் சரக்குச் சீட்டில் கையெழுத்துப் போட கேட்டுக்கு வந்தேன். வழக்கமாக அந்த நேரத்தில் நான் அங்கே வருவதில்லை. அண்ணாச்சி ஸ்டூலில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, குனிந்து தோளை ஆட்டிக்கொண்டிருந்தார். பின்னால் போய் நின்றேன்.

திரையில் அதே சுரங்கம், அதே சுவர், அதே மூன்று பீப்பாய்கள். கீரி தலைதெறிக்க ஓடிவந்து, பந்தத்தைத் தட்டிவிட்டு, நடுப் பீப்பாய் மேல் இரண்டு காலாலும் குதித்தது. திரை வெள்ளையானது. சுவர் பொடிப்பொடியாகி விழுந்து வழி திறந்தது.

"ஐயோ!" என்று கத்தியவள் நான்தான்.

"வந்துட்டீகளா மேடம்? செத்த இருங்க, பாலம் வருது. நின்னா செத்துருவான்."

"அண்ணாச்சி, அது என் விளையாட்டு."

"ஒங்க 'சேவ்'வ நான் தொடவே இல்லயே. மொதல் எடம் ஒங்களுது. ரெண்டாவது எடந்தான் நம்மது." கருவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். தொடக்கத் திரையில், விட்ட இடத்தைக் கார்டில் பதிந்துவைக்கும் 'சேவ்' இரண்டு இருந்தன. மற்றது ஆசிரியருடையது என்று நினைத்து, அடுத்தவர் கடிதம் போல மரியாதையாகத் திறக்காமல் வைத்திருந்தேன்.

"எத்தனையாவது லெவல்ல இருக்கீங்க?"

"எல்லாம் முடிச்சாச்சு. பாம்பக் கொன்னு ரெண்டு நாளாச்சு. இது சும்மா, திரும்ப ஒரு ரவுண்டு."

"சத்தத்த யாரு குறைச்சது?"

"மேனேஜர் வந்தா கேக்குமில்ல?"

என் மூன்று குறைகளும் ஸ்டூலில் மீசையோடு உட்கார்ந்திருந்தன.

"அந்தப் பீப்பாய எதுக்கு மிதிச்சீக?" என் குரல் தணிக்கைக் குரலாக வந்தது.

அவர் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "மிதிக்கத்தான வச்சிருக்கான்? பெறகென்ன, பொட்டு வச்சுக் கும்பிடவா?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "இருவது வருசமா ஒவ்வொருத்தன் மடியிலயும் தீப்பெட்டியப் புடுங்கிப் புடுங்கி இந்தப் பெட்டிக்குள்ள போடுதேன் மேடம். ஒரு நாளாவது நானும் ஒண்ணப் பத்த வைக்காண்டாமா?"

சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனேன்.

மாலை வேனிலிருந்து ஆசிரியரைக் கூப்பிட்டேன். பக்கத்து சீட்டு அக்காக்கள் எல்லாம் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார்கள்.

"வழி இல்லைன்னு எழுதினேனே, அது விளையாட்டோட பிழை இல்லைங்க. வழி இருக்கு."

"சரி. மத்த ரெண்டு?"

"அதுவும் பிழை இல்லைங்க. அது எங்க வாட்ச்மேன்."

"வழி எங்கதான் இருந்துச்சு?"

"வெடிமருந்துப் பீப்பாய மிதிக்கணுங்க."

"அது சின்னப் பிள்ளைக்குத் தெரியுமே?"

"நான் பட்டாசுக் கம்பெனியில பாதுகாப்பு அதிகாரிங்க."

அவர் இருமுவது போல ஒரு சத்தம் வந்தது. அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும். "ஞாயிறு அஞ்சு மணி வரைக்கும் டைம். நீங்களே முடிச்சு, புதுசா எழுதிக் குடுங்க. இல்லைன்னா சென்னைக்காரர் விமர்சனத்தைப் போட்டுருவேன், தொடரும் அவருக்குத்தான்."

போனை வைத்ததும் பின் சீட்டு அக்கா கேட்டார், "மேடம், எந்தக் கம்பெனியில பீப்பாய மிதிக்கச் சொல்லுதாக? அங்கெல்லாம் போயிராதீக."

ஞாயிறு காலை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் உட்கார்ந்தேன். கீரியைப் பீப்பாய் வரை கொண்டுபோய்விட்டேன். பொத்தானில் கட்டைவிரல் இருக்கிறது, அழுந்த மறுக்கிறது. படம்தான் என்று எனக்குத் தெரியும். கட்டைவிரலுக்குத் தெரியவில்லை. எங்கள் பக்கம் பீப்பாய் வெடித்தால் முன்னால் வழி திறப்பதில்லை. எழுந்து போய் அறையின் முன்கதவையும் பின்கதவையும் விரியத் திறந்து வைத்தேன்.

அம்மா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். மதிய ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள். "எதுக்குடி ரெண்டு கதவையும் தொறந்து போட்டிருக்க? பூனை வரும்."

விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கைப்பையைக் கீழே வைத்துவிட்டு வந்து என் தோளுக்கு மேலே திரையைப் பார்த்தாள்.

"இந்தக் கீரிக்கு எத்தன உசுரு?"

"செத்தா திரும்ப வந்துரும்மா. எத்தன தடவ வேணும்னாலும்."

"எங்க வார்டுக்கு வர்றவுகளுக்கு அப்படி இல்ல. இதுக்கு இருக்குல்ல? பெறகென்ன, அமுக்குடி. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அமுக்கினேன். கண்ணை மூடிக்கொண்டுதான் அமுக்கினேன், அதை விமர்சனத்தில் எழுதவில்லை. சுவர் விழுந்தது. கீரி தானாகவே ஓடத் தொடங்கியது, நானும் விட்டுவிட்டேன்.

அதன் பிறகுதான் விளையாட்டு என்னவென்று புரிந்தது. சரிவில் சுருண்டு உருண்டு, அந்த வேகத்தை விடாமல் மேட்டில் ஏறி, காற்றில் எழும்பி, இன்னொரு கூரையில் இறங்கும் அந்த இரண்டு நொடியில் கட்டைவிரல் எதையும் யோசிப்பதில்லை. வேகத்தை அவர்கள் சும்மா தருவதில்லை, மூன்று குதியைச் சரியாகக் குதித்தால்தான் கிடைக்கும். ஒன்று தவறினால் பள்ளம். குறையும் உண்டு, இந்த முறை உண்மையான குறை. திரை கையகலம். கீரி போகும் வேகத்துக்கு எதிரே வரும் முள் அரை நொடி முன்னால்தான் கண்ணில் படுகிறது. மேலே விழுந்த பிறகு தெரிந்து என்ன செய்ய? அறுபத்தொரு முறை செத்தேன். பாம்பு விழுந்தபோது மணி மூன்றே கால்.

நாலே முக்காலுக்கு விமர்சனம் போனது. எலியைப் பற்றி ஒரு பத்தி, கையகலத் திரையைப் பற்றி ஒரு பத்தி, மிச்சமெல்லாம் மூன்று நாள் பீப்பாய்க்குப் பயந்து நடந்த கதை. பத்துக்கு ஏழு.

திங்கள் காலை வேன் கேட்டில் நின்றபோது போனில் ஆசிரியர் ஏதோ தட்டச்சு செய்துகொண்டிருப்பதாகக் காட்டியது. அண்ணாச்சி கையை நீட்டினார்.

"அண்ணாச்சி, ஒரே நிமிசம்."

"விதி மேடம். நீங்க போட்டதுதான." போனை வாங்கிக்கொண்டார். "எம்புட்டுப் போட்டீக நம்ம பயலுக்கு?"

"ஏழு."

"ஏழா? சுவர ஒடைக்கத் தெரியாதவுகள்லாம் மார்க்குப் போட்டா இப்படித்தான்."

பதினோரு மணிக்கு டீ கொண்டுவரும் அக்கா, செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு அறை வாசலில் நின்றார். உள்ளே திரி கட்டிக்கொண்டிருந்த நான்கு பேரும் கையை நிறுத்தினார்கள்.

"மேடம், வாட்ச்மேன் அண்ணாச்சி சொல்லச் சொன்னாக. போன் தானா வெளிச்சமாச்சாம், அவுக ஒண்ணும் தொறந்து பாக்கலயாம். ஒங்களுக்கே கெடச்சிருச்சாம்."

"என்னது மேடம், மாப்பிள்ளையா?" என்றார் ஓரத்தில் இருந்தவர்.

"இல்லக்கா. எழுதுற வேலை. மாசம் ஒண்ணு."

"அட, இம்புட்டுத்தானா?" அவர் மறுபடி திரியை எடுத்தார். "அதுக்கா மொகம் இப்படிச் செவந்து கெடக்கு?"