தொரை வந்தா வழி விடணும்

சம்பளமில்லாம எவளாவது மலையேறிப் போய்ப் பாடம் சொல்லுவாளான்னு கேட்டா எப்படி, பாக்கியம்? நான் போனேன்ல. அந்த வேலையில மாட்டினவுகளுக்குத் தெரியும், பிள்ளைகளைச் சேக்கிறதைவிடப் பள்ளிக்கூடத்தை மூட விடாமப் பாக்குறதுதான் பெரும்பாடு.

உரக் கொட்டடி

திருவிதாங்கூர் அப்போ வேற ராஜ்யம். தேவிகுளத்துக்கு அங்கிட்டு ஒரு தேயிலைத் தோட்டத்துல எங்க அண்ணன் கணக்கப்பிள்ளை. அண்ணி பேறுகாலத்துக்குன்னு போடியில இருந்து நடந்தே ஏறினேன். அட்டை கடிச்சுக் காலெல்லாம் ரத்தம். அண்ணி அதுக்குப் புகையிலைத் தண்ணி வெச்சிருப்பா... சரி, அது கெடக்கட்டும். கூலியாளுக குடியிருந்த லயத்துப் பிள்ளைக சும்மா திரியுதுகளேன்னு, பாடம் சொல்ல ஒரு எடம் கேட்டு அண்ணனை வெள்ளைக்காரத் தொரைகிட்ட அனுப்பினேன். காலியாக் கெடந்த உரக் கொட்டடியைக் குடுத்தாரு. கூலியாளுகளை மேய்க்கிற பெரிய கங்காணிக்குப் பிடிக்கல. வாசல்ல நின்னு சொன்னாரு: "தொரை பாக்க வர்றப்போ பத்துப் பிள்ளை இல்லேன்னா, உரமூட்டை திரும்பி வந்துரும் வாத்தியாரம்மா."

இடுப்புப் பிள்ளை

வந்த பொம்பளப் பிள்ளைக இடுப்புல எல்லாம் ஒரு கைக்குழந்தை. ஒண்ணு அழுதா எல்லாம் அழும். குழந்தையை விட்டுட்டு வாங்கன்னு ஒரு நாள் சத்தம் போட்டேன். மறுநாள் வந்தது நாலே பேரு. பதறிப்போய் லயத்துக்கு ஓடினேன். தங்கச்சியை இடுக்கிக்கிட்டு வர்ற ராக்குவோட ஆத்தா கொழுந்துக் கூடையை மாட்டிக்கிட்டே சொன்னா: "அக்காளும் தங்கச்சியும் ஒரே உருப்படி வாத்தியாரம்மா, பிரிச்சு அனுப்ப முடியாது."

குதிரைச் சத்தம்

அப்புறம் விட்டத்துல சேலைத் தொட்டில் கட்டினேன். தொரை வர்ற அன்னைக்குத் தொட்டில் குழந்தைக போகப் பதிமூணு பிள்ளைக. எனக்கு உசுரு வந்துச்சு. குதிரைச் சத்தம் கேட்டுச்சு. கரும்பலகையில இருந்து திரும்புறேன், கொட்டடி காலி. தொரை குதிரை வந்தா லயத்து ஆளுக பாதையை விட்டுத் தேயிலைக்குள்ள ஒதுங்கி நிக்கணும். அது அங்க பழக்கம். தொட்டில்ல கெடந்ததையும் அள்ளிக்கிட்டுப் பின்வாசல் வழியாப் போயிட்டுதுக. மடியில தங்கச்சி தூங்குறான்னு ராக்கு மட்டும் எந்திரிக்கல.

தொரை ஒத்தைப் பிள்ளையைப் பாத்தாரு. பின்னால கங்காணிக்கு வாயெல்லாம் பல்லு. மத்தவுக எங்கன்னு கொச்சைத் தமிழ்ல தொரை கேக்க, எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. ராக்குதான் சொன்னா: "உங்களுக்கு வழி விட்டு நிக்கிறாக, தொரை."

அவரு பின்வாசலுக்குப் போனாரு. தூத்தல்ல சிலேட்டைத் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டுத் தேயிலைக்குள்ள நிக்குதுக. பிரம்பை நீட்டி எண்ணினாரு, பன்னெண்டு. கங்காணி வாய் மூடிக்கிச்சு. ஆனா தொரையும் நகரல, பிள்ளைகளும் நகரல. ராக்கு மறுபடியும் சொன்னா: "நீங்க போனாத்தான் தொரை பள்ளிக்கூடம் நடக்கும்."

போனாரு, நான் இருந்த நாலு வருசமும் உரமூட்டை வரல, பேச வேண்டிய நேரத்துல வாத்திச்சி ஊமையா நின்னும் பொழைச்ச பள்ளிக்கூடம் அது ஒண்ணாத்தான் இருக்கும். ஏ பாக்கியம், தூத்தல் விழுது பாரு, அந்த மொளகாயை உள்ள எடுத்துட்டு வா.