சித்தப்பா எடுத்த போன்

என் மேஜையில் பச்சை நிறத் தொலைபேசி ஒன்று இருக்கிறது. இணைப்பு கிடையாது. அதன் எண் மட்டும் எனக்கு மறக்காது. வாழ்க்கையில் நான் பிழையில்லாமல் நிரப்பிய ஒரே விண்ணப்பத்தில் அந்த எண்ணை எழுதித்தான் சித்தியின் காரியத்தைக் கெடுத்தேன்.

சித்தி அரசாங்க அலுவலகத்தில் தட்டச்சர். தொண்ணூறுகளில் சம்பளத்தைக் கவரில் போட்டுக் கையில் கொடுப்பார்கள். அன்று மாலை அலுவலக வாசலில் சித்தப்பா குடையோடு நிற்பார். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் நிற்பார். என்ன அன்பான மனிதர் என்று பார்ப்பவர்கள் சொல்வார்கள். கவர் அவர் சட்டைப்பைக்குப் போகும். குடை சித்தியின் கைக்கு வரும்.

தன் பெயரில் மட்டும் ஒரு கணக்கு வேண்டும் என்பது அவள் ஆசை. ஆசை என்று எழுதவே கூசுகிறது. உழைத்தவள் உழைத்ததை வைத்துக்கொள்ள இடம் கேட்டால் அதற்கு ஆசை என்றா பெயர்? எங்கள் ஊர்க் கோட்டைக்குள் இருந்த வங்கிக்குப் போனாள். ஏற்கெனவே கணக்கு உள்ள ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் அலுவலகத் தோழியையும் கூட்டிப் போனாள். சித்தப்பாவைத் தெரிந்த அந்த மேனேஜர் தோழியை ஏறிட்டும் பார்க்கவில்லை. "சார் வந்நில்லே?" என்று, வீட்டுக்காரர் வரவில்லையா என்பதை மலையாளத்தில் கேட்டார். மாலையில் அவரே வீடு தேடி வந்து சித்தப்பாவிடம் விஷயத்தைப் பக்குவமாகச் சொல்லி, காப்பியும் குடித்துவிட்டுப் போனார். காப்பி போட்டுக் கொடுத்தது சித்தி. மறுநாள் அது கூட்டுக் கணக்காயிற்று. பாஸ்புக்கும் அதே சட்டைப்பைக்குப் போயிற்று.

இரண்டாயிரங்களின் பிற்பகுதியில், ஓய்வு பெற்ற சித்தி ஒரு வக்கீலிடம் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தாள். அவர் செக்காகத்தான் கொடுப்பார். கூட்டுக் கணக்கில் போட்டால் மறுபடியும் அந்தக் குடைக் கதைதான். எனக்கோ அப்போது கணினிப் பித்து. "இனிமே எந்த மேனேஜர் மூஞ்சியிலயும் முழிக்க வேண்டாம் சித்தி, ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது" என்று மார்தட்டிவிட்டு, தம்பானூரில் ஓர் இன்டர்நெட் கஃபேயில் உட்கார்ந்து வேறொரு வங்கிக்கு விண்ணப்பித்தேன். விண்ணப்பதாரரின் தொடர்பு எண் கேட்டது. என் கைபேசி எண்ணைக் கொடுத்திருக்கலாம். தெரிந்த விடையை எழுதாமல் விட மனம் வராத மாணவன் நான். சித்தி வீட்டு எண்ணை எழுதினேன்.

சரிபார்க்க வங்கியிலிருந்து ஒரு பெண் அழைத்தபோது சித்தி குளித்துக்கொண்டிருந்தாள். எடுத்தவர் சித்தப்பா. யார் பெயரில் கணக்கு, எங்கே வேலை என்று அவள் வரிசையாக வாசிக்க, அவர் பொறுமையாக "ஆமா, ஆமா" சொல்லியிருக்கிறார். கடைசியில், "வேண்டாம்மா, கேன்சல் பண்ணிடுங்கோ."

பண்ணிவிட்டார்கள்! விண்ணப்பித்தவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அந்த வங்கிக்கே போய்க் கத்தினேன். "வீட்ல சார் சொன்னாரே" என்று சாவகாசமாகப் பதில் வந்தது. கம்ப்யூட்டர் வந்தும், கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் வந்தும், அந்த 'சார்' மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. என் ஆவேசத்தைக் கேட்டுவிட்டுச் சித்தி சொன்னாள்: "அந்த மேனேஜராவது காப்பி குடிக்க நேர்ல வந்தார்டா."

பிறகு அவளே வக்கீலை அறிமுகத்துக்கு அழைத்துக்கொண்டு, சித்தப்பாவைத் தெரிந்தவர் எவரும் இல்லாத ஒரு கிளைக்கு நேரில் போய்த் தன் பெயரில் கணக்குத் தொடங்கினாள். எனக்கும் சொல்லவில்லை. அதுதான் புத்திசாலித்தனம்.

வீட்டுப் போனின் இணைப்பைத் துண்டித்த பிறகுதான் அந்தப் பாஸ்புக்கை என்னிடம் காட்டினாள். பழைய துண்டில் சுற்றிய இந்தப் பச்சைத் தொலைபேசியையும் என் கையில் வைத்தாள்.

"வெச்சுக்கோடா. இனிமே எந்த ஃபாரத்துல வேணும்னாலும் தைரியமா இந்த நம்பரை எழுது."