கோணல் வட்டம்

ஷார்ஜாவில் ஒரு பழைய மரச்சாமான் கடை. நானும் என் மனைவி கயலும் இருக்கிறோம். பேரம் பேசத் தெரிந்த நண்பர் ஜோசப், ட்யூட்டி மாறிவிட்டதால் வரவில்லை. அபுதாபியிலிருந்து பஸ் பிடித்து வந்தது ஒரு விக்டோரியா காலத்து வரவேற்பறை மேசைக்காக. ஒற்றைத் தண்டு, மூன்று கால், மேலே வட்டப் பலகை.

"மேசையே இல்லாத வீட்ல தரையில உக்காந்து படிச்சவருக்கு இங்கிலாந்து மேசை கேக்குது" என்று கயல் சிரிக்கிறாள்.

கடைக்காரர் கீழக்கரை பாய். அறுநூறு திர்ஹம் என்கிறார். நான் டேப்பால் வட்டப் பலகையை மர ரேகை ஓடும் வாக்கிலும் அதற்குக் குறுக்கிலும் அளக்கிறேன். குறுக்கில் அரை அங்குலம் குறைகிறது. நூறு வருஷத்துக்கு மேல் காய்ந்த மரம் இப்படித்தான் ஒரு பக்கமாகச் சுருங்கும். புதிதாகச் செய்த போலி என்றால் சரியான வட்டமாக இருக்கும். இது அசல் என்று தெரிந்தால் விலை ஏறிவிடும்; டேப்பைச் சட்டென்று சுருட்டப் பார்க்கிறேன்.

பாய் டேப்பைப் பார்த்துவிடுகிறார். "அட, கோணலாவா இருக்கு? ஊர்க்காரப் புள்ளைக்குக் கோணல் சாமானைக் குடுக்கலாமா தம்பி?" உள்ளே திரும்பி, "ஆசிப் பாய், மெஷின் லாவோ, ஜல்தி!" என்கிறார். தச்சர் ரம்ப மெஷினோடு வருகிறார்.

"ஓரத்தை வெட்டி வட்டமாக்கித் தர்றோம். அதுக்குக் காசு வேணாம்."

தச்சர் பிளக்கைச் சொருகுகிறார்.

"வெட்டாதீங்க பாய்! அந்தக் கோணலை வச்சுத்தான் இது நெசமாவே பழசுன்னு சொல்ல முடியும்!" என்று கத்திவிடுகிறேன்.

பாய் மேசையை ஒருமுறை சுற்றி வருகிறார். "அப்படியா சங்கதி?"

கயல் என்னைப் பார்க்காமல் பர்ஸைத் திறக்கிறாள். வண்டிக் கூலி தனி; மேசைக்கு மட்டும் இப்போது தொள்ளாயிரத்து ஐம்பது திர்ஹம்.