நாற்பது வோல்ட் போன இடம்

எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டுவது அவள் தொழில். பஞ்சாலைத் தூசியில் நுரையீரல் கெட்டுப்போன அக்காவும் அவளும்தான் அந்த மாடி வீட்டில். கட்டிலோரம் இருந்த ஆக்சிஜன் மெஷின் ஓடினால்தான் அக்காவுக்கு மூச்சு.

அன்று மதியம் பேய்மழை. தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்துச் சிதறியது. கையிருப்புச் சிலிண்டரின் முள் சிவப்பை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. "தண்ணி இடுப்பளவு நிக்குதும்மா, வண்டி உள்ள வராது" என்று ஆம்புலன்ஸ்காரர் கைவிரித்துவிட்டார்.

எதிர்மாடி பேக்கரிக்காரரிடம் ஜெனரேட்டர் இருந்தது.

"அண்ணே, ஒரு லைன் குடுங்க, அக்கா திணறுறா!"

"வீசும்மா, இதெல்லாம் கேக்கணுமா?"

ஒயர் நுனியில் ஒரு பூட்டைக் கட்டித் தெருவுக்கு மேலாக வீசினாள். அவர் பிடித்து, தன்னிடம் கிடந்த பழைய ஒயர்களையும் முறுக்கிச் சேர்த்து, பின்பக்க மொட்டைமாடி ஜெனரேட்டர் வரை இழுத்துக்கொண்டு போனார்.

மெஷின் உறுமியது. அடுத்த நிமிடமே சிவப்பு விளக்கு எரிய, வீல் வீலென்று கத்தியது. மீட்டரை வைத்துப் பார்த்தாள். நூற்றுத் தொண்ணூறு வோல்ட்; மெஷினுக்கு அது போதாது.

"அண்ணே, ஜெனரேட்டர்ல முள்ளு எவ்வளவு காட்டுது?" என்று போனில் கேட்டாள்.

"இருநூத்தி முப்பது."

வழியில் நாற்பது வோல்ட் காணாமல் போயிருக்கிறது. மெஷின் இழுக்கும் கரண்ட் இரண்டு ஆம்பியர். நாற்பதை இரண்டால் வகுத்தால் இருபது ஓம். இந்த நீளச் செம்புக் கம்பிக்கு நாலு ஓமுக்கு மேல் வரக் கூடாது. மிச்சம் பதினாறும் ஏதோ ஒரு ஜாயிண்டில்தான் இருக்க வேண்டும். பதினாறு ஓமில் இரண்டு ஆம்பியர் ஓடினால் முப்பத்திரண்டு வோல்ட் அங்கேயே விழும். முப்பத்திரண்டை இரண்டால் பெருக்கினால் அறுபத்து நாலு வாட். ஒரு சின்ன முறுக்கில் அவ்வளவு சூடு இறங்கினால் அது கொதிக்கும்.

அக்காவின் உதடு நீலம் பாரித்துவிட்டது.

"அண்ணே, ஒயரோட போய்ப் பாருங்க. எந்த ஜாயிண்ட்லயாவது ஆவி வருதா?"

"படிக்கட்டு வளைவுல புகையுதும்மா!"

"ஐயோ, கை வச்சிடாதீங்க! முதல்ல ஜெனரேட்டர நிறுத்துங்க!"

மெஷின் அடங்கியது. சிலிண்டரில் முள் அடியில் படுத்துவிட்டது. "செம்பு கறுத்திருக்கும், கத்தியால சுரண்டுங்க. பளபளன்னு ஆகணும். அப்புறம் இறுக்கி முறுக்குங்க."

"மாவு பிசையற கையும்மா இது, இதெல்லாம் பழக்கமில்லையே..."

"உங்கள விட்டா எனக்கு யாருண்ணே இருக்கா?" என்று கெஞ்சினாள்.

அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "விடுடி... போதும்" என்றாள், காற்றாக.

"வாய மூடு. மூச்ச மட்டும் விடு."

கதவில் தலையை மோதிக்கொள்ளலாம் போலிருந்தது. கணக்கு தப்பாக இருந்தால்? இன்னொரு ஜாயிண்டும் கெட்டிருந்தால்? அதைத் தேடிப் பிடிக்கும் வரை தாங்க அக்காவிடம் மூச்சு இல்லை.

மெஷின் மறுபடி உறுமியது. மீட்டர் இருநூற்று இருபத்திரண்டில் நின்றது. எட்டு வோல்ட்தான் இழப்பு. அதே நாலு ஓம். பச்சை விளக்கு எரிந்தது. அவள் தரையில் உட்கார்ந்து, அக்காவின் பாதத்தில் முகம் புதைத்துக் கதறினாள்.

மறுநாள் தண்ணீர் வடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அக்கா பிழைத்தாள். ஆனால் மூச்சு முட்டிக் கிடந்த அந்த நேரம் நுரையீரலில் மிச்சமிருந்ததையும் தின்றுவிட்டது என்றார் டாக்டர். இப்போதெல்லாம் அக்கா கண்ணாலேயே பேசுகிறாள். தங்கை பட்டறையில் காயில் சுற்றும்போது மின்விசிறி சற்றே தளர்ந்தாலும், கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடுகிறாள்.