காக்கைக்கு வைத்ததும் மைனா தின்றதும்

சிங்கப்பூரில் காக்கைக்குச் சோறு வைப்பது குற்றம். அபராதம் போடுவார்கள். செத்துப்போனவர்களுக்கு எப்படிச் சாப்பாடு போடுவது என்று அறிவிப்புப் பலகையில் ஒரு வரியும் இல்லை. அதனால் அப்பாவின் முதல் திதியன்று, தேக்கா சந்தையில் வாங்கிய வாழையிலையில் சோறும் வடையும் வைத்து, ஒன்பதாம் மாடி காரிடாரில் பூந்தொட்டிக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, "கா, கா" என்று கிசுகிசுத்தேன். கிசுகிசுத்தால் எந்தக் காக்கை வரும்? அது வாய் வைக்காமல் நான் சாப்பிட முடியாது. மணி இரண்டு. பசி உயிரை வாங்கியது.

புதுச்சேரியில் இலை விரிப்பதற்குள் பத்துக் காக்கை வந்துவிடும். அப்பா அந்த ஊரை விட்டு நகராத மனிதர். எட்டு வருடம் கூப்பிட்டேன், டிக்கெட்கூடப் போட்டேன். "அங்க வந்து லிஃப்ட்டுல ஏறி இறங்கிட்டு இருக்கவா? நீ வா" என்பார். போன வருடம் நான் போனபோது ஐஸ்பெட்டிக்குள் இருந்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

பக்கத்து வீட்டு ஜமால் அங்கிள் கதவைத் திறந்தார். இங்கேயே பிறந்த தமிழர். ஓய்வுபெற்ற பிறகு கேமராவும் கையுமாகப் பறவை பார்த்துத் திரிபவர்.

"என்னம்மா, போட்டோ எடுக்க இரை வைக்கிறியா? ஃபைன் அடிப்பாங்க லா!"

"அப்பாவுக்கு, அங்கிள்."

"அப்பாவும் பேர்ட்வாட்சரா?"

விளக்கினேன். உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டு லிஃப்ட் பக்கம் காவலுக்கு நின்றார். கடைசியில் வந்தது காக்கை இல்லை, கண்ணோரம் மஞ்சள் பூசிய ஒரு மைனா. விரட்டக் கையை ஓங்கினேன்.

"ஏய், விரட்டாதம்மா! இங்க நிறைய இருக்கிறது ஜாவா மைனா. இது உங்க ஊரு ஆளு."

கதையைச் சொன்னார். ஐரோப்பாவில் உட்கார்ந்தபடி உலகத்துப் பறவைகளுக்கெல்லாம் லத்தீனில் பெயர் சூட்டிய மேதை ஒருவர், இதைச் சொர்க்கப் பறவைகளோடு சேர்த்து, 'துயரமானது' என்று பெயரிட்டு, சொந்த ஊர் பிலிப்பைன்ஸ் என்றும் எழுதிவைத்தாராம். வடையைக் கண்ட மைனா துயரப்பட்டு நான் பார்த்ததில்லை. பின்னால் வந்தவர்கள் இனத்தை மாற்றினார்கள். ஊரையும் புதுச்சேரி என்று திருத்தினார்கள். துயரம் மட்டும் பெயரில் அப்படியே இருக்கிறது.

ஓங்கிய கையை இறக்கினேன். மைனா சோற்றைச் சீண்டாமல் வடையைக் கொத்தியது. அப்பாவும் அப்படித்தான். "சாப்பிடுங்கப்பா" என்று வாய்விட்டே சொன்னேன்.

அங்கிள் பறவைக் கையேட்டைப் பிரித்து நீட்டினார். "பாரு, சிங்கப்பூர்ல இதுக்கு என்ன போட்டிருக்கு? ரெசிடென்ட்!"

நிரந்தரவாசம் கேட்டு மூன்று முறை விண்ணப்பித்து, மூன்று முறையும் இல்லையென்று கடிதம் வாங்கியவள் நான். வரவே மாட்டேன் என்றவருக்குக் கேட்காமலே கொடுத்திருக்கிறார்கள். மிச்ச வடையைக் கவ்விக்கொண்டு அது எதிர் பிளாக்குக்குப் பறந்தது, சொந்த வீட்டுக்குப் போவதுபோல. நான் சாப்பிட வாடகை வீட்டுக்குள் போனேன்.