இல்லாத வீதியில் ஒரு புள்ளி

நெய்வேலியில் பேருந்திலேயே கைபேசியைத் தவறவிட்டுவிட்டேன். மறைந்த என் மனைவி பாடிய பதிகம் அதில் மட்டுமே இருக்கிறது. கைபேசிக் கடைக்காரர் காதர் தம் கணினியில் தேடுகிறார். வரைபடத்தில் ஒரு புள்ளி கோயில் வீதியில் மெல்ல நகர்கிறது.

காதரின் முகம் வெளிறுகிறது. "ஐயா, இது எங்க ஊருங்க. நிலக்கரி மைன்ஸ்ல போயிடுச்சு. இப்ப வெறும் பள்ளம். கோயிலும் இல்ல, தெருவும் இல்ல."

புள்ளி கோயிலை வலம் வருகிறது.

"எவனோ எடுத்துகினு சுத்தறான். போன்ல இருக்கறதையெல்லாம் இங்கிருந்தே அழிச்சிடட்டுங்களா?"

"வேண்டாம் தம்பி, பூட்டினால் போதும்."

பூட்டிவிட்டு அழைக்கிறார். என் கைபேசியின் அழைப்பொலியும் மனைவி பாடிய அந்தப் பதிகமே. புள்ளி சன்னிதி இருந்த இடத்தில் நின்றுவிடுகிறது. எவரும் எடுக்கவில்லை. ஆயினும் காதர் அழைப்பைத் துண்டிக்கவில்லை.

"பாடட்டுங்க ஐயா. எங்க ஊர்ல பாட்டுச் சத்தம் கேட்டு எத்தினி வருசமாச்சு."