கொலைகாரி கதையும் பக்கத்து நிரை அக்காவும்

போன வருஷம், மழை விட்டு கொழுந்து நல்லா வந்துக்கிட்டிருந்த சமயம். ஸ்பிரிங்வெளி பக்கத்துல ஒரு தேயிலைத் தோட்டத்துல கொழுந்து பறிக்கிறவ நான். பதுளை டவுன்ல துணிக்கடையில நிக்கிற என் சித்தி மக ஒரு மர்ம நாவலைக் குடுத்து, "படிச்சுப் பாரு, தூக்கம் வராது"ன்னா. நெசமாவே வரல.

கதாநாயகின்னா நல்லவளாத்தானே இருப்பா? இவ அப்படியில்ல. வாயத் தொறந்தா பொய். வேலைக்காரியத் திட்டுவா, கூடப் பொறந்தவளையே போட்டுக் குடுப்பா. அவ வீட்டுல ஒருத்தர் பின்னால ஒருத்தரா சாகுறாங்க. இவதான் கொன்னாளா, இல்லியா? நாலு பக்கம் புரட்டுறதுக்குள்ள என் முடிவு மாறிரும். அவளப் புடிக்கவும் இல்ல, புத்தகத்தக் கீழ வைக்கவும் முடியல!

படிச்சத மறுநாள் மலையில கூடப் பறிக்கிறவங்களுக்குச் சொல்லுவேன். எங்களுக்கு ஆளுக்கொரு நிரை, ஒரு வரிசைத் தேயிலைச் செடி. கை கொழுந்துல இருக்கும், காது கதையில இருக்கும். காலையில வேலை பிரிக்கிற பெரட்டுலயே, "அந்தச் சிறுக்கி மாட்டினாளா?"ன்னு கேக்க ஆரம்பிச்சிருவாங்க.

எனக்குப் பக்கத்து நிரையில ஒரு அக்கா. அவங்க பக்கத்துல நிக்க யாருக்கும் இஷ்டமில்ல. யாரு முத்தல் இலை பறிச்சாலும் கங்காணிகிட்ட சொல்லிருவாங்க. பைப்படியில சண்டை, கோயில்லயும் சண்டை. நான் கல்யாணமாகி தோட்டத்துக்குப் புதுசா வந்தவ, அதனால அந்த எடம் என் தலையில விழுந்துச்சு. கதை நல்லாக் கேக்குற தூரத்துல இருந்தது அவங்கதான், ஆனா வாயே தொறக்க மாட்டாங்க. கேக்குறாங்களா இல்லியான்னு எனக்கு ஒரே கொடைச்சல். கதையில வர்றவ அச்சு அசல் இவங்கதான்னு மத்தவங்க கண்ணக் காட்டிச் சிரிப்பாங்க.

கதை முடியப்போற கட்டம். சொல்ற சுவாரஸ்யத்துல மேல மரத்துல இருந்த குளவிக்கூட்ட நான் கவனிக்கல. காத்துல கலைஞ்சிருச்சு போல, திடீர்னு ஒரே இரைச்சல். "குளவி! ஓடுங்கடீ!" கூடையப் போட்டுட்டு எல்லாரும் சிதறி ஓடுனாங்க. நான் கால் இடறி தேயிலைக்குள்ள விழுந்தேன். அந்த அக்கா ஓடிப்போயிருக்கலாம். திரும்பி வந்தாங்க. இடுப்புல கட்டியிருந்த படங்குச் சாக்க அவுத்து என்னைய மூடி, "அசையாத புள்ள"ன்னு என் மேலயே கவுந்து படுத்துக்கிட்டாங்க. எனக்கு ஒண்ணு ரெண்டு கொட்டுதான். அவங்களுக்கு மொகம், கழுத்து, முதுகு எல்லாம்.

பதுளை ஆஸ்பத்திரியில மூச்சு விட முடியாமக் கெடக்காங்கன்னு சொன்னாங்க. கண்ணு முழிச்சிட்டாங்கன்னு சேதி வந்ததும் சோறு கட்டிக்கிட்டு ஓடுனேன். கட்டிலுக்குப் பக்கத்துல சோத்துப் பொட்டலத்த வச்சேன். வீங்கின உதட்டோட அவங்க கேட்ட மொதக் கேள்வி: "அவதான் கொன்னாளா?"

அடப்பாவமே, ஒரு வரி விடாம கேட்டிருக்காங்க! புத்தகம் பையிலயே இருந்துச்சு. முடிவ நான் படிச்சாச்சு. அவதான் கொலைகாரி, ஜெயில்ல அனாதையா சாகுறா. இவங்க மனசு நொந்துருமோன்னு மாத்திச் சொல்லப் பாத்தேன். உசுரக் காப்பாத்துனவங்ககிட்டயா பொய் சொல்றதுன்னு தோணி, இருக்குறத அப்படியே வாசிச்சேன்.

"நல்லா வேணும்! அவ வாய்க்கு இது பத்தாது"ன்னாங்க. எனக்கு சிரிப்ப அடக்க முடியல. சோத்தப் பெசஞ்சு ரெண்டு வாய் சாப்பிட்டாங்க. அப்புறம், "ஏன் புள்ள, கதை முழுக்க அவள ஒருத்தராச்சும் 'சாப்பிட்டியா'ன்னு கேட்டாங்களா?"

பஸ்ஸுல வரும்போது பக்கம் பக்கமாப் புரட்டினேன். ஒருத்தரும் கேக்கல. தேத்தண்ணி நேரத்துல நாங்க வட்டமா உக்காந்து ரொட்டியப் பிச்சுப் பிச்சுக் குடுத்துக்குவோம். அந்த அக்கா எங்க உக்காந்து சாப்பிடுவாங்கன்னு யோசிச்சேன். எனக்குத் தெரியல. வெக்கமா இருந்துச்சு.

அக்கா தேறி வந்துட்டாங்க. மாறவெல்லாம் இல்ல. போன வாரம்கூட நான் முத்தல் பறிச்சேன்னு கங்காணிகிட்ட சொல்லிட்டாங்க! வந்த கோவத்தோடயே, "வாங்கக்கா, சாப்பிடலாம்"னு கூப்பிட்டேன். இப்பல்லாம் எந்தக் கதையில எந்தக் கெட்டவ வந்தாலும், அவ யாரக் கொன்னான்னு தேடுறதுக்கு முந்தி, அவள யாராச்சும் சாப்பிடக் கூப்பிட்டாங்களான்னுதான் என் கண்ணு தேடுது.